சிப்பியை ஆராய்ந்த இராமனார்

தூத்துக்குடிக் கடற்றுறையில் வளர்ந்தார்க்கு முத்துச் சிப்பி புதுமையன்று. அதன் ஓட்டின் உட்புறத்தே பசுமையும் செம்மையும் மாறி மாறி மின்னுவதை இளமை முதலே கண்டு வருகின்றோம். ஆயின், சிப்பியோடும் முத்தும் பெரும்பாலும் சுண்ணாம்புப் பொருளே. வெண்சுண்ணம் இத்துணை நிறங்காட்டுதல் எங்ஙனம் என வினவினோர் நம்முட் சிலரே. அவ்வினாவிற்கு விடை தேடியவருள் ஒருவர் சர். சந்திரசேகர வேங்கட இராமனார். ஒளிச்சிதறல் பற்றி அவரைப் புகழாதார் இலர். யாம் சிப்பியின் வழியே அவரைக் காண விழைகின்றோம்.

1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த இராமனார், தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தமையின், கடலோரத்தே வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1907-ல் கல்கத்தாவிற் கணக்குத் துறை அலுவலரானார். அலுவல் நேரம் ஒழிந்த காலையும் மாலையும் ஆராய்ச்சிக்கே ஆயின. 1917-ல் அப்பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்திற் பேராசிரியப் பணி ஏற்றார்.

1921-ல் மேனாடு சென்று மீளுங்கால், கடலின் நீலம் வானத்தின் நிழலே என்னும் பழங்கொள்கையை ஐயுற்று, நீர்ப்பரப்பிலிருந்து மீளும் ஒளியை ஒரு பளிங்குக் கருவியால் விலக்கி நோக்கினார். நீலம் மறையவில்லை, நீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறச் செய்கின்றன எனத் தெளிந்தார். அவ்வழியே சென்று, வத்திராயிருப்பிற் பிறந்தவரும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்றவருமாகிய கா. சீ. கிருஷ்ணனாருடன் 1928-ல் இராமன் விளைவைக் கண்டார். 1930-ல் நோபெல் பரிசு வந்தது.

இத்துணைப் புகழெய்தியவர் கிளிஞ்சல்களைக் கையிலெடுத்தது சிலர்க்கு விளையாட்டாகத் தோன்றலாம். எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. 1933-ல் பெங்களூர் சென்ற அவர், 1935-ல் சிப்பியொளி பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். சிப்பியின் உட்புறத்தே சுண்ணப் படிகத் தகடுகள், மெல்லிய புரதப் படலம் இடைப்பட, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு தகட்டின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் 2000-ல் ஒரு பங்கு. அஃதாவது, ஒளியலையின் நீளத்தை ஒத்தது. ஒவ்வோர் அடுக்கினின்றும் மீளும் ஒளி சிறிதே. ஆயினும், அலைகள் ஒத்திசையும் நிறம் பெருகும். ஒவ்வாத நிறம் அடங்கும். துறைமுக நீரின்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலம் நிறங்காட்டுவதும் இம்முறையானே. சிப்பியைச் சாய்க்க நிறம் மாறுதலின் காரணமும் இதுவே. இதனின் வேறாய், அடுக்குகளின் விளிம்புகள் மேற்பரப்பில் நுண்வரிகளாய் அமைந்து பிறிதொரு நிறம் தருகின்றன. அவ்வரிகளை மெழுகில் ஒற்றியெடுப்பின் மெழுகும் நிறங்காட்டும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே புரூஸ்டர் கண்டிருந்தார். இவ்விரண்டையும் பிரித்தறிந்து ஆராய்ந்தார் இராமனார். 1954-ல், அகவை 65 கடந்தபின், கிருஷ்ணமூர்த்தி என்னும் அறிஞருடன் முத்தையே ஆராய்ந்து எழுதினார். முத்தில் அடுக்குகள் வெங்காயத் தோல்போல் நடுவைச் சூழ்ந்து நிற்கின்றன.

எல்லாவற்றிலும் அவர் வென்றாரல்லர். படிகங்களின் அதிர்வு பற்றி மாக்ஸ் பார்னுடன் நெடுங்காலம் வாதிட்டார். பிற்காலச் சோதனைகள் பார்ன் பக்கமே நின்றன. இராமனார் தம் கொள்கையைக் கைவிட்டிலர். அது நமக்கு வருத்தமே. 1948-ல் தாமே நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் இறுதிவரை உழைத்து, 1970 நவம்பர் 21-ல் மறைந்தார்.

நம் கடலில் மூச்சடக்கிக் குளித்தோர்க்குத் திறவாச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே கூலியாகக் கிடைத்தது. உள்ளே ஒளியுண்டோ என்பது திறக்குமளவும் எவரும் அறியார். அச்சலாபமும் 1961-உடன் நின்றது. 1973-ல் தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பியினுள் மணியொன்றை வைத்து முத்து விளைவித்தனர். அம்மணியைச் சுற்றிச் சிப்பி படிய வைப்பதும் இராமனார் ஆராய்ந்த அதே அடுக்குகளையே.