குரு கேட்ட காணிக்கை

தம்பி தங்கைகளே! விதை போட்டால் செடி முளைக்கும். அது நமக்குத் தெரிஞ்சதுதான். இளம் நாற்றின் சிறு துண்டு முழுச் செடியாகுமா? சர்க்கரையும் உப்புச் சத்துகளும் சேர்த்து, கிருமி அண்டாமல் கண்ணாடிக் குழாயில் வளர்த்தால் ஆகும்!

இந்தக் கலையை இந்தியாவில் வளர்த்த பெரியவர் பஞ்சானன் மகேஸ்வரி. 1904இல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். அலகாபாத்தில் அவருக்குத் தாவரவியல் கற்பித்தவர் டட்ஜன் என்ற அமெரிக்கர். குருதட்சணையாக என்ன வேண்டும் என்று மாணவர் கேட்டார். தாம் அவருக்குச் செய்ததை அவர் தம் மாணவர்களுக்குச் செய்தாலே போதும் என்றாராம் குரு.

1949இல் டில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குத் தலைவரான மகேஸ்வரி அதை மறக்கவே இல்லை. அந்தத் துறையில்தான் 1964இல் சிப்ரா குகாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தம்பூவின் மகரந்தப்பையிலிருந்து செடி முளைக்கச் செய்தார்கள். 1966இல் பஞ்சானன் மறைந்தார். காணிக்கை செலுத்தி முடிந்திருந்தது.

பரிசு வாங்கும் பிள்ளைகளே, உங்க காணிக்கை என்ன?