விட்டன்பர்க்கு மடமும் மார்ட்டின் லூதரும்

துறவோர் உறைதற்கென எடுத்த மடமொன்று இல்லறத்தார் மனையாகிப் பின்னர் அருங்காட்சியகமாயிற்று. அது ஜெர்மனி தேயத்து விட்டன்பர்க்கு நகரில், 1504 ஆம் ஆண்டு முதல் அகஸ்தீன் சபைத் துறவிகளுக்காகக் கட்டப்பெற்றது. அம்மடத்தின் வரலாறு, அதன்கண் வாழ்ந்த கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தக்காரராகிய மார்ட்டின் லூதரின் வரலாற்றோடு பிணைந்ததாம்.

லூதர் 1483 நவம்பர் 10 ஆம் நாள் ஐஸ்லேபன் என்னும் ஊரிற் பிறந்தார். சட்டநூல் பயின்றுவந்த அவர், 1505 ஆம் ஆண்டில் வழியிடை இடிக்கு அஞ்சித் துறவு பூணுவதாக நேர்ந்துகொண்டு எர்பர்ட்டு நகர மடம் புகுந்தார். நோன்பும் செபமும் பாவசங்கீர்த்தனமும் இடையறாது இயற்றியும் மனவமைதி பெற்றிலர். 1512 இல் விட்டன்பர்க்கில் வேதநூற் பேராசிரியராகிப் பவுலின் நிருபங்களை ஆராயுங்கால், மீட்பு மனிதன் தன் செயலால் ஈட்டுவதன்று, விசுவாசத்தாற் பெறும் அருட்கொடையே எனத் துணிந்தார். பாவமன்னிப்புச் சீட்டுகள் பொருளுக்கு விற்கப்படுதலைக் கண்டித்து 1517 இல் 95 கொள்கைகளை வெளியிட்டார். 1521 இல் போப்பாண்டவரால் விலக்கப்பட்டும், உவோர்ம்சு பேரவையில் தம் கருத்தை மாற்ற இசைந்திலர். பின்னர் வார்ட்பர்க்குக் கோட்டையில் மறைந்துறைந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். அது 1522 இல் அச்சேறிற்று.

இதற்கிடையே துறவிகள் ஒவ்வொருவராய் நீங்க மடம் வெறுமையுற்றது. 1525 இல் லூதர், கன்னிமடம் துறந்துவந்த காதரீனாவை மணந்து அங்கேயே இல்லறம் நடத்தினார். மக்கள் அறுவர் பிறந்தனர். மாணாக்கர் பலர் உடனுறைந்து உண்டனர். அவ்வில்லத்தின் செலவும் வரவும் அம்மையாரின் திறத்தாலேயே நடைபெற்றன. 1532 இல் அந்நாட்டரசர் மடத்தை அவர்க்கு உரிமையாக்கினார். 1546 பிப்ரவரி 18 ஆம் நாள் லூதர் பிறந்த ஊரிலேயே இறந்தார். 1564 இல் வழியினர் அம்மனையைப் பல்கலைக்கழகத்துக்கு விற்றனர். 1883 இல் அது அருங்காட்சியகமாயிற்று.

அருளின்றி வீடில்லை என்பது சித்தாந்திகளுக்கும் உடன்பாடே. ஆயினும் சரியை முதலியன அருளை விலைக்குக் கொள்ளும் பொருளல்ல. மலபரிபாகத்துக்கு உயிரைப் பண்படுத்தும் நெறிகளாம். விற்பனையைக் கடிந்த அளவில் லூதரை நாம் மதிக்கலாம். நோன்பும் துறவும் பயனற்றன என்பாரோடு உடன்படல் இயலாது. 1525 இல் கிளர்ந்த உழவரை ஒடுக்குமாறும், 1543 இல் யூதரைத் துன்புறுத்துமாறும் அவர் எழுதியவை அவர் புகழுக்குப் பெருங்களங்கம். அருளைப் போதித்தவரிடத்தும் உயிரிரக்கம் குன்றியமை, ஆணவமலத்தின் வலியை நமக்கு உணர்த்துவதாகும்.

உறைவோர் நீங்கிய மடம் காட்சிப்பொருளாதல் எத்தேயத்தும் நிகழக்கூடியதே. பூசையும் பாடஞ்சொல்லலும் அன்னம்பாலிப்பும் வழுவாது நடைபெறும் மடமே உயிருள்ள மடம் என்பதை மடத்தார் சிந்திப்பாராக.