டெக்கீலா பாட்டிலில் 100 என்ற எண்ணை ஏன் தேட வேண்டும்? செனோபியோ சவுசாவின் கதை

டூட்டி ஃப்ரீ கடையில் இரண்டு டெக்கீலா பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று தங்க நிறம், இன்னொன்று தண்ணீர் மாதிரி தெளிவு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நம்மில் பலருடைய கை தங்க நிறத்துக்குத்தான் போகும். பீப்பாயில் பல காலம் ஊறியது, அதனால்தான் அந்த நிறம், அதனால் சரக்கு நல்லது என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

பல நேரம் அந்தக் கணக்கு தப்பு. விலை குறைந்த பல பாட்டில்களில் அந்தத் தங்க நிறம் கேரமல் கலர்தான். டெக்கீலாவில் முதலில் பார்க்க வேண்டியது நிறமோ வயதோ இல்லை. அது எந்தச் செடியிலிருந்து, எவ்வளவு பங்கு வந்தது என்பதுதான். சுமார் 150 வருடங்களுக்கு முன்பு இந்த விஷயத்தில் பிடிவாதமாக நின்றவர்களில் முதலில் சொல்லப்படும் பெயர் செனோபியோ சவுசா.

1842-ல் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில், தியோகுய்தத்லான் என்ற ஊரில் பிறந்தவர். 1858-ல், 16 வயதில், வேலை தேடி டெக்கீலாவுக்கு வந்தார். ஆம், அது ஒரு ஊரின் பெயர். குவாதலஹாரா நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், அணைந்துபோன ஓர் எரிமலையின் அடிவாரம். அந்த மண்ணில் நன்றாக வளர்வது அகாவே. நம் ஊர் ரோட்டோரத்தில் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழை இருக்கிறதே, அதன் நெருங்கிய சொந்தம். முகத்தில் தடவும் சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் உருவ ஒற்றுமை மட்டும்தான். இது கள்ளிச்செடியும் இல்லை.

சவுசா வந்தபோது அங்கே பெரிய ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். கூவர்வோ குடும்பத்துக்கு 1795-லேயே ஸ்பெயின் மன்னரிடமிருந்து இந்தச் சாராயத்தைக் காய்ச்சி விற்க உரிமம் கிடைத்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த பையன், வடிசாலைகளில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டான். 1870-ல் லா கயார்தென்யா என்ற வடிசாலையைக் குத்தகைக்கு எடுத்தார். 1873-ல் லா அன்டிகுவா குரூஸ் என்ற பழைய வடிசாலையைச் சொந்தமாக வாங்கினார். அப்போது அவருக்கு வயது 31.

அந்த வருடம் வியாபாரம் தொடங்க நல்ல நேரம் இல்லை. 1873 ஜனவரியில் மானுவேல் லொசாடா என்ற கிளர்ச்சித் தலைவரின் படை, குவாதலஹாராவைப் பிடிக்கப் போகிற வழியில் டெக்கீலா ஊரைத் தாக்கியது. ஊர்க்காரர்களே துப்பாக்கி எடுத்து எதிர்த்து நின்றார்கள். இப்படிப்பட்ட ஊரில், அதே வருடத்தில்தான் சவுசா தன் சரக்கை அமெரிக்க எல்லைக்கு அனுப்பினார் என்று நிறுவனத்தின் வரலாறு பதிவு செய்கிறது. சில பீப்பாய்கள், சில ஜாடிகள், அவ்வளவுதான். ஆனால் அன்று குவாதலஹாராவுக்கு ரயிலே கிடையாது, 1888-ல்தான் வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கோவேறு கழுதையும் வண்டியும்தான். அதே 1888-ல் தன் வடிசாலையின் பெயரை லா பெர்செவரன்சியா என்று மாற்றினார். விடாமுயற்சி என்று அர்த்தம். கொஞ்சம் சுயவிளம்பரம்தான், ஆனாலும் பொருத்தமான பெயர்.

இனி செடி விஷயம்.

அந்தக் காலத்தில் இந்தச் சாராயத்துக்குப் பொதுப்பெயர் மெஸ்கல் வைன். டெக்கீலா ஊரில் காய்ச்சியது டெக்கீலாவின் மெஸ்கல் வைன். காலப்போக்கில் முன்னும் பின்னும் உதிர்ந்து ஊர்ப்பெயர் மட்டும் நின்றது. அந்தப் பெயரைத் தனி பிராண்டாக வெளியே கொண்டுபோனவர்களில் சவுசா முக்கியமானவர். அப்போது எந்த அகாவேயில் காய்ச்ச வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. லாசரோ பெரெஸ் என்பவர் 1887-ல் ஹலிஸ்கோவின் அகாவேக்களைப் பற்றி எழுதிய ஆய்வில் பல வகைகளைத் தனித்தனியாக விவரிக்கிறார். வயல்களில் அவை கலந்துதான் நின்றன.

அவற்றில் நீலச்சாயல் கொண்ட ஒரு வகையைத்தான் சவுசா பிடித்துக்கொண்டார். காரணங்கள் வியாபாரிக்கே உரியவை. மற்ற சில வகைகளைவிட அது சீக்கிரம் முதிர்ந்தது, சர்க்கரை நன்றாகத் தேறியது, பக்கக் கன்றுகள் நிறைய விட்டது. நீல அகாவேதான் சிறந்தது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வயலில் நின்று வெட்டிய ஹிமடோர்களுக்கு, அதாவது அகாவே அறுவடைத் தொழிலாளிகளுக்கு, எந்தச் செடி இனிக்கும் என்று ஒரு முதலாளி வந்து சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சவுசா செய்தது, அந்த அறிவைப் பணமும் நிலமும் போட்டுப் பெரிய அளவில் நட்டது. மண்ணில் குழி வெட்டி விறகில் வேகவைப்பதற்குப் பதிலாக நீராவியில் வேகவைக்கும் முறைக்கு மாறிய முன்னோடி என்றும் அவரைச் சொல்வார்கள். புகை மணம் மெஸ்கலோடு நின்றுவிட்டது, டெக்கீலாவில் செடியின் சுவை முன்னால் வந்தது.

1902-ல் வெபர் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தச் செடிக்கு அகாவே டெக்கீலானா என்று தாவரவியல் பெயர் வைத்தார். சவுசா அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். 1909-ல் இறந்தார். அடுத்த வருடம் மெக்சிகோ புரட்சி வெடித்தது. தொழில் மகன் எலாதியோவிடமும், பிறகு பேரன் பிரான்சிஸ்கோ ஹாவியரிடமும் போனது. 1988-க்குள் குடும்பத்தின் கையைவிட்டே போய்விட்டது. இன்று அந்த பிராண்ட் ஜப்பானின் சன்டோரியிடம் இருக்கிறது.

அவர் தேர்ந்தெடுத்த செடிக்கு என்ன ஆனது? இரண்டு விஷயங்கள் நடந்தன.

ஒன்று, அது சட்டமானது. இன்று நீல அகாவேயில் செய்யாத எதையும் டெக்கீலா என்று விற்க முடியாது. 1974-ல் மெக்சிகோ இந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு அறிவித்தது. ஹலிஸ்கோ முழுவதும், கூடவே நான்கு மாநிலங்களில் குறிப்பிட்ட பகுதிகளும் மட்டும்தான் எல்லை. ஆனால் ஒரே செடி என்ற விதிக்கு விலையும் உண்டு. நம் வாழை மாதிரி, அகாவேயையும் பக்கக் கன்று பிரித்துத்தான் நடுகிறார்கள். பூத்தால் சர்க்கரை பூவுக்குப் போய்விடும் என்பதால் பூந்தண்டை வெட்டிவிடுகிறார்கள். விதை இல்லை, புது மரபணு இல்லை, பூவை நம்பியிருக்கும் வௌவாலுக்கும் வேலை இல்லை. வயல் முழுக்க கிட்டத்தட்ட ஒரே செடியின் நகல். 2000-ஐ ஒட்டி நோய் பரவி, செடியும் பற்றாக்குறையானபோது அகாவே விலை தாறுமாறாக ஏறியது.

இரண்டாவது விஷயத்துக்கு மூன்றே எண்கள் போதும்: 100, 70, 51. மெக்சிகோவின் 1949 தர விதிப்படி டெக்கீலாவுக்கான சர்க்கரை 100% அகாவேயிலிருந்து வர வேண்டும். 1964-ல் அது 70% ஆனது. 1970-ல் 51%. தேவை ஏறிக்கொண்டே போனது, செடி முதிரவோ 6 முதல் 8 வருடம் ஆகும். இடைவெளியைக் கரும்புச் சர்க்கரை மாதிரி மலிவான சரக்கு நிரப்பியது. இன்றும் குறைந்தபட்சம் 51%தான். மீதி 49% வேறு சர்க்கரை. இந்த வகைக்குப் பேச்சுவழக்கில் மிக்ஸ்டோ என்று பெயர். சவுசா பெயர் போட்ட பாட்டில்களிலேயே இந்த வகையும் விற்கப்பட்டிருக்கிறது.

இப்போது மறுபடி அந்தக் கடைக்கு வருவோம். பாட்டிலைத் திருப்புங்கள். 100% அகாவே என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் மேலே பேசலாம். வெறும் டெக்கீலா என்று மட்டும் இருந்தால் அது மிக்ஸ்டோ. எந்த லேபிளும் மிக்ஸ்டோ என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளாது, அதனால் இல்லாததைத்தான் கவனிக்க வேண்டும். 100% வகையை அந்த எல்லைக்குள்ளேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்பது விதி. மிக்ஸ்டோவை டேங்கரில் வெளிநாடு கொண்டுபோய் அங்கே அடைக்கலாம்.

அடுத்து நோம் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். அது தயாரிப்பாளரின் அடையாளம். இந்த எண்ணை இணையத்தில் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. ஒரே எண்ணில் பத்துப் பதினைந்து பிராண்டுகள் வந்து விழும். நட்சத்திரத்தின் பெயரில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பாட்டிலும், பாதி விலைக்கு விற்கும் இன்னொன்றும் ஒரே வடிசாலையாக இருக்கலாம். செய்முறை மாறலாம்தான், ஆனாலும் கேள்வி கேட்க அது போதும்.

வயது கடைசியில்தான். பிளாங்கோ ஊறாதது, அல்லது இரண்டு மாதத்துக்குள் எடுத்தது. ரெபொசாடோ குறைந்தது 2 மாதம், அன்யெஹோ 1 வருடம், எக்ஸ்ட்ரா அன்யெஹோ 3 வருடம். ஊறிய வகைகளில் எடையில் 1% வரை கேரமல், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு சேர்க்கலாம். அதனால் ஒரு வடிசாலை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமென்றால் அதன் பிளாங்கோவைத்தான் வாங்க வேண்டும் என்பேன். அதில் மரமும் நிறமும் மறைக்க எதுவும் இல்லை. வெந்த அகாவேயின் இனிப்பு, கொஞ்சம் மிளகுக் காரம், பச்சை மணம் இருந்தால் நல்லது. மூக்கில் ஸ்பிரிட் மட்டும் ஏறினால் உப்பும் எலுமிச்சையும் தேவைப்படும். அந்தப் பழக்கமே அப்படி வந்ததோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. 100% என்றால் மறுநாள் தலைவலி வராது என்பது கட்டுக்கதை. ஆல்கஹால் ஆல்கஹால்தான், உடலுக்குக் கேடுதான். பாட்டிலுக்குள் புழு இருந்தால் அது டெக்கீலா இல்லை, சில மெஸ்கல் பிராண்டுகளின் வேலை.

இந்தியாவிலும் டெக்கீலா பதிவு பெற்ற புவிசார் குறியீடு. அந்தப் பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். தக்காணப் பீடபூமியில் வளரும் அகாவேயிலிருந்து இங்கேயே காய்ச்சும் சரக்கும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. லேபிளில் அகாவே ஸ்பிரிட் என்றுதான் போட்டிருக்கும். அதிலும் 51 என்றும் 100 என்றும் எண்கள் உண்டு, திருப்பிப் பாருங்கள்.