குளங்களை மீட்ட தேசாதிபதி



கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு அருகில் வார்ட் பிளேஸ் என்றொரு வீதி உண்டு. சிகிச்சைக்காக மட்டக்களப்பிலிருந்து தலைநகர் செல்லும் உங்களுள் பலர் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அப்பெயருக்கு உரியவர் சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்ட். 1855 முதல் 1860 வரை இலங்கையை ஆண்ட பிரித்தானியத் தேசாதிபதி அவர். நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர், புனிதரும் அல்லர். ஆயினும் நம் வயல்களின் வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் உண்டு. அவருடைய வாழ்வைச் சற்றே எண்ணிப் பார்க்க உங்களை அழைக்கிறேன்.

1797இல் இலண்டனில் பிறந்த வார்ட், இளமையிலேயே தூதரகப் பணியில் சேர்ந்தார். சுவீடன், ஒல்லாந்து, ஸ்பெயின், மெக்சிக்கோ ஆகிய நாடுகளில் கடமையாற்றினார். 1832இல் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினரானார். அக்காலத்தில் அயர்லாந்தின் கத்தோலிக்க உழவர்கள், தாங்கள் சேராத ஆங்கிலிக்கன் திருச்சபைக்குத் தங்கள் விளைச்சலிலிருந்து பங்கு செலுத்தக் கட்டாயப்படுத்தப்பட்டு வந்தனர். அந்தத் திருச்சபையின் செல்வம் அதன் தேவைக்கு மிஞ்சியது, அதைக் குறைக்க வேண்டும் என்று 1834 மே மாதத்தில் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் வார்ட். பிரேரணை நிறைவேறவில்லை. ஆனால் அதனால் எழுந்த பிளவில் நான்கு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். பிறர் நிலத்தில் உழைக்கும் எளியவனின் குரலை அன்று அவர் கேட்டிருந்தார் என்று நாம் சொல்லலாம்.

ஆனால், அதே மனிதரின் கைகளில் இரத்தக் கறையும் உண்டு. 1849இல் பிரித்தானியரின் பாதுகாப்பில் இருந்த கிரேக்க நாட்டு அயோனியத் தீவுகளுக்கு அவர் உயர் ஆணையாளராகச் சென்றார். சில மாதங்களில் செபலோனியாத் தீவின் கிராம மக்கள் கிளர்ந்தெழுந்தனர். வார்ட் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஏறத்தாழ இருபது பேர் தூக்கிலிடப்பட்டனர்; இன்னும் பலர் கசையடி பெற்றனர். பிரித்தானியப் பாராளுமன்றத்திலேயே அது கண்டிக்கப்பட்டது. இதை மறைத்துவிட்டு அவருடைய நற்செயலை மட்டும் உங்களிடம் சொல்வது நேர்மையாகாது.

இத்தகைய மனிதரே 1855இல் இலங்கைக்கு வந்தார். வந்தபோது அவர் கண்டது என்ன? பண்டை மன்னர்களும் ஊர் மக்களும் கட்டிய ஆயிரக்கணக்கான குளங்கள் உடைந்து, காடு மூடிக் கிடந்தன. போரும் நோயும் நெடுங்காலமாகச் செய்த அழிவு ஒருபுறம். அண்மைக் காரணம் ஒன்று மறுபுறம். 1832இல் ஆங்கில அரசு இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தது. அடிமை நுகம் ஒன்று நீங்கியது என்ற அளவில் அது நன்றே. ஆனால் குளக்கட்டுக்கு மண் போடுவதும், பற்றை வெட்டுவதும், வாய்க்கால் தூர் அகற்றுவதும் அதே வழக்கத்தைப் பற்றியே நடந்து வந்தன. வழக்கம் போயிற்று, அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை. வேலைக்கு வர மறுத்தவனைக் கேட்க எவருக்கும் அதிகாரம் இல்லை. ஒருவன் செய்யாவிட்டால் மற்றவனும் செய்யான். மழை பெய்யும்போது கட்டு அரித்தது. மண் கரைந்து ஓடியது. நீரும் அதோடு ஓடியது.

உங்களுள் வயல் வைத்திருப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூறு பேர் தங்கள் பங்கைச் செய்து, ஒருவர் தமது பங்கை விட்டுவிட்டால், வெள்ளம் அந்த ஒருவரின் பங்கைத்தான் தேடி வரும். அங்கு உடைத்துக்கொண்டு நூறு பேரின் வயலையும் மூடும்.

வார்ட் இந்த நோயின் வேரைக் கண்டுகொண்டார். கல்லும் மண்ணும் இடுவதற்குப் பணம் ஒதுக்கினார். அதற்கு முன்னதாகவே ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதுவே 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நீர்ப்பாசனம், வயற்செய்கை பற்றிய பழைய ஊர் வழக்கங்களை மீண்டும் உயிர்ப்பிப்பதே அதன் நோக்கம். ஒரு பகுதியின் நில உரிமையாளர்கள் கூடி, பெரும்பான்மையாக இணங்கினால் அச்சட்டம் அங்கு நடைமுறைக்கு வரும். குளக்கட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு, வேலி எப்போது அடைப்பது, நீர் எந்த ஒழுங்கில் திறப்பது என்பவற்றை ஊராரே தங்கள் வழக்கப்படி வகுத்துக்கொள்வர். பிணக்கு எழுந்தால் ஆண்டுக்கணக்காக நீதிமன்றத்துக்கு அலையாமல், ஊரறிந்த பெரியோர் முன்னிலையிலேயே தீர்த்துக்கொள்வர். வழக்கத்தை மீறியவருக்குத் தண்டம் உண்டு.

மேலே இருந்து ஆணை இட்டுப் பழகிய ஓர் ஆட்சியாளர், உழவரின் பழைய சொல்லுக்குச் சட்டத்தின் வலிமையைக் கொடுத்தார். இதைச் சிறிய செயல் என்று எண்ணாதீர்கள்.

மட்டக்களப்பின் பக்கம் அவருடைய கவனம் சிறப்பாகத் திரும்பியது. அக்காலத்து மட்டக்களப்பு மாவட்டம் தெற்கே மிகவும் அகன்றது. இன்றைய அம்பாறை மாவட்டம் 1961இல்தான் அதிலிருந்து பிரிக்கப்பட்டது. அந்தத் தெற்குப் பகுதியில் சிதைந்து கிடந்த இறக்காமம் குளத்தையும் அம்பாறைக் குளத்தையும் அரசின் செலவில் புதுப்பிக்க வார்ட் ஏற்பாடு செய்தார். வானம் பார்த்திருந்த சம்மாந்துறைப் பக்கத்து வயல்களுக்கு அதனால் உறுதியான நீர் கிடைக்க வழி பிறந்தது. இவ்விரு குளங்களும் இன்றும் நீர் தாங்கி நிற்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அந்நீரால் பயன் பெற்று வந்திருக்கிறார்கள். 1949இல் பட்டிப்பளை ஆற்றை மறித்துப் பெரும் நீர்த்தேக்கம் அமைக்கத் தொடங்கியதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இப்பணி நிகழ்ந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அவருடைய ஆட்சியில் குறைகள் இல்லாமல் இல்லை. நெல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகப் பெறும் முறை அவர் காலத்திலும் தொடர்ந்தது. அது 1892இல்தான் ஒழிந்தது. அயர்லாந்து உழவனுக்காகப் பேசியவர், இலங்கை உழவனின் இந்தச் சுமையை இறக்கி வைக்கவில்லை. கோப்பித் தோட்டங்களுக்கான வீதிகளுக்கும் புகையிரதப் பாதைக்கும் கிடைத்த கவனத்தோடு ஒப்பிட்டால் குளங்களுக்குக் கிடைத்தது சிறிதே.

1860 யூலையில் வார்ட் சென்னையின் தேசாதிபதியாகப் பொறுப்பேற்றார். ஒரு மாதம் நிறையும் முன்னரே, ஓகஸ்ட் 2ஆம் நாள், வாந்திபேதி அவரைக் கொண்டுசென்றது. அப்போது வயது அறுபத்து மூன்று. மட்டக்களப்பில் தாம் தொடங்கியது விளைந்து பயன் தருவதை நீண்ட காலம் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அன்புக்குரியவர்களே, இறக்காமத்தின் நீர் செபலோனியாவின் இரத்தத்தைக் கழுவிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தூக்கிலிடப்பட்டோரின் பிள்ளைகளுக்கு நம் நெற்கதிர் ஆறுதல் ஆகாது. அந்தக் கணக்கு இறைவனிடம் உள்ளது. நாம் கற்றுக்கொள்ளக்கூடியது வேறு. ஒரு தீவில் மக்களின் குரலுக்குத் தூக்குமரத்தால் மறுமொழி சொன்னவர், இன்னொரு தீவில் அதே குரலைக் கூடிப் பேசச் சொன்னார். முன்னையதிலிருந்து எஞ்சியது கசப்பு. பின்னையதிலிருந்து எஞ்சியது நீர்.

இன்று நம் நிலை என்ன? வட்டவிதானைமாரும் விவசாய அமைப்புகளும் இருக்கின்றனர். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. எழுவான்கரையில் வாழ்ந்து படுவான்கரையில் வயல் செய்வோர் அக்கூட்டத்துக்குப் போகிறீர்களா? அல்லது வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, நெற்பங்கை மட்டும் எதிர்பார்த்திருக்கிறீர்களா? குளக்கட்டின் அடிமண்ணை அள்ளி விற்பவரைக் கண்டும் காணாமல் போகிறோமா? மேட்டுக் காடு வெட்டப்பட்டு, அதன் மண் ஆறுகள் வழியே வந்து வாவியில் படியும்போது, வாவி மேடாகிறது, மீனும் குறைகிறது. மழைக்காலத்தில் முகத்துவாரத்தை வெட்டுவதா, எப்போது வெட்டுவதா என்று உழவரும் மீனவரும் முரண்படுகின்றனர். இருவருக்கும் பசிக்கும் பிள்ளைகள் உண்டு. கூடியிருந்து ஒருவரையொருவர் கேட்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

நல்லோர் வயலிலும் தீயோர் வயலிலும் மழை ஒன்றாகவே பெய்கிறது. பெய்த மழையைத் தாங்கி வைத்து, வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கும் அது போய்ச் சேரச் செய்வது நம்மிடம் விடப்பட்ட வேலை. வரும் பெரும்போகத்துக்கு முன்னர் உங்கள் ஊரில் குளக்கட்டுச் சிரமதானத்துக்கு அழைப்பு வரும். வீட்டுக்கு ஒருவராவது மண்வெட்டியோடு செல்லுங்கள். உங்கள் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். கட்டில் உங்கள் குடும்பத்தின் பங்கு எது என்று அந்தப் பிள்ளை அறிந்திருக்கட்டும்.