காவல் நின்ற தலைவர்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உயர்ந்து நிற்பது கல்வராயன் மலை. கோமுகி ஆறு பிறக்கும் இம்மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் கல்வியோடு விளையாட்டும் பயில்கின்றனர். அவர்களைப் போன்றே பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, நாட்டின் அணிக்கே தலைமையேற்றவர் ஜெய்பால் சிங் முண்டா.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள டக்ரா என்னும் சிற்றூரில், முண்டா பழங்குடியில் 1903ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் அவர் பிறந்தார். ராஞ்சியில் பயின்றபோது அவரது திறனைக் கண்ட பள்ளி முதல்வர், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்ற அவர், ஹாக்கி ஆட்டத்திலும் சிறந்து விளங்கினார்.

அணியில் அவர் ஏற்ற இடம் தற்காப்பு வீரருக்குரியது. கோல் அடிப்பவரையே கூட்டம் கொண்டாடும்; பின்னே நின்று எதிரணியைத் தடுத்து, பந்தைத் தம் தோழர்க்குக் கடத்துபவரைப் பெரும்பாலும் மறந்துவிடும். அவ்விடத்தையே அவர் விரும்பி ஏற்றார்.

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டியில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு வந்தது. அப்போது அவர் இந்தியக் குடிமைப் பணிக்குத் தேர்வாகிப் பயிற்சி பெற்று வந்தார். விடுப்பு கிடைக்கவில்லை, எனினும் அணியுடன் சென்றார்.

இந்துக்கள், இசுலாமியர், சீக்கியர், ஆங்கிலோ இந்தியர் எனப் பலரும் இணைந்த அணி அது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது. அவற்றுள் 14 தியான் சந்த் அடித்தவை. எதிரணிகள் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோல் காவலர் ரிச்சர்டு ஆலனும் தற்காப்பு வீரர்களும் அமைத்த அரணே அதற்குக் காரணம்.

இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் சிங் களமிறங்கவில்லை. அணி நிர்வாகத்துடன் எழுந்த கருத்து வேறுபாடே காரணம் என்பர். வேறு சில வீரர்கள் நோயுற்றிருந்தனர். ஆயினும் எஞ்சியோர் ஒன்றிணைந்து ஆடி, நெதர்லாந்தை 3-0 என வென்றனர். தலைவர் இல்லாத நாளிலும் தளராமல் நின்றதே அவ்வணியின் வலிமை. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது.

இங்கிலாந்து திரும்பியவரைப் பயிற்சிக் காலத்தை மேலும் ஓராண்டு நீட்டிக்குமாறு பணித்தனர். அணிக்காகச் சென்றதைக் குற்றமாக ஏற்க மனமின்றி, உயர்ந்த அப்பதவியையே துறந்தார்.

பின்னர் அவர் காவல் நின்ற களம் வேறு. 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946இல் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்று, பழங்குடியினரின் நிலவுரிமைக்காகவும் பிரதிநிதித்துவத்துக்காகவும் வாதாடினார். பட்டியல் பழங்குடியினர் என்பதற்கு மாறாக ஆதிவாசி என்னும் சொல்லே அரசியலமைப்பில் இடம்பெற வேண்டும் என்ற அவரது கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஆயினும் சட்டமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் இட ஒதுக்கீடு உறுதியாயிற்று. தனி மாநிலக் கோரிக்கையையும் முன்னெடுத்த அவர், 1970ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மறைந்தார். அவர் கனவு கண்ட ஜார்க்கண்ட், 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்தது.

பலர் கூடி வென்றெடுத்த அவ்வுரிமைகளின் துணையோடுதான் கல்வராயன் மலையின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்கும் அரசுப் பணிக்கும் செல்கின்றனர். பின்னின்று காத்தவர் கடத்திய பந்து, இப்போது அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.