துயரைத் தொண்டாக்கிய டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

துன்பம் வராத வீடு உலகில் இல்லை. வந்த துன்பத்தை எண்ணி எண்ணிக் கரைந்து போவோர் பலர். தமக்கு நேர்ந்தது பிறர்க்கு நேரலாகாது என்று எழுந்து நிற்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். மாதர் சங்கமொன்றின் தலைமையில் இருந்து, காலம் மாறியபோதும் குடும்பத்தில் அடி விழுந்தபோதும் தளராது, புற்றுநோயாளருக்கு ஒரு புகலிடம் அமைத்த இப்பெருமாட்டியின் வரலாறு, நம் சங்கத்து இளைஞரும் முதியோரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இம்மணத்தை உறவினர் ஏற்கவில்லை. ஆகவே, குலத்தின் பெயரால் மனிதர் ஒதுக்கப்படுவதைச் சிறுமியாக இருந்தபோதே அவர் கண்டறிந்தார். ஆண்கள் மட்டும் பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, புதுக்கோட்டை மன்னரின் ஆதரவினாலேயே அவருக்கு இடம் கிடைத்தது. 1907இல் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் வைத்தியப் பட்டம் பெற்று வெளிவந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்தவேண்டும், தம் பணிக்குத் தடை நிற்கலாகாது என்பன மணத்துக்கு முன் அவர் கேட்ட உறுதிகள். அவற்றைக் கணவர் இறுதிவரை காத்தார்.

1923இல் அவர் வாழ்வை மாற்றிய துயரம் நேர்ந்தது. அன்புத் தங்கை நோயுற்றார். வயிற்றுளைச்சல் என்று எண்ணி அதற்கே மருந்து கொடுக்கப்பட்டது. உண்மையில் அது குடலில் வளர்ந்த புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. தமக்கை வைத்தியராக இருந்தும் தங்கையைக் காக்க முடியவில்லை. இளம் வயதில் அத்தங்கை பட்ட வேதனையை அருகிருந்து கண்ட அம்மையார், அந்நோய்க்கென்று தனி வைத்தியசாலை ஒன்று அமைக்காமல் ஓய்வதில்லை என்று உறுதி பூண்டார்.

உறுதி பூண்டவுடன் காரியம் கைகூடிவிடவில்லை. இடையில் வேறு கடமைகள் அவரை அழைத்தன. 1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றவர், திரும்பி வந்ததும் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்றார். அச்சபையின் முதற் பெண் உறுப்பினரும், முதற் பெண் துணைத்தலைவரும் அவரே. சிறுமியரைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் போராடினார். அது சமயத்துக்கு விரோதம் என்று கூக்குரலிட்டோர்க்கு, நம் சமயம் எந்தப் பெண்ணின் இழிவையும் கேட்கவில்லை என்று விளக்கினார். 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். அவர் தொடங்கிய முயற்சி 1947இலேயே முழுச் சட்டமாயிற்று. விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட ஏழைச் சிறுமியருக்குத் தம் வீட்டையே திறந்துவிட்டார். அதுவே பின்னர் அவ்வை இல்லமாக வளர்ந்தது.

சென்னை அடையாற்றில் 1917இல் தோன்றியது இந்திய மாதர் சங்கம். அதை நிறுவியவருள் ஒருவரான டொரதி ஜினராஜதாசா, இலங்கையிற் பிறந்த பிரம்மஞான அறிஞர் ஜினராஜதாசாவின் மனைவியார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சங்கத்தின் தலைவியாக இருந்த அன்னி பெசன்ட் அம்மையார் 1933இல் மறைந்தபின், தலைமைப் பொறுப்பு முத்துலட்சுமி அம்மையாரிடம் வந்தது. 1935இல் சென்னை வைத்தியக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், தம் புற்றுநோய் வைத்தியசாலைத் திட்டத்தை அவர் வெளியிட்டார். கேட்டவர் பலர், உதவ வந்தவர் சிலர். பின்னர் உலகப் போர் மூண்டது. சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகளின் முன் கணவரும் மறைந்தார். பொது வாழ்விற்குத் துணை நின்ற தோழரை இழந்தபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. இனி ஓய்வு கொள்ளலாமே என்று எவரும் நினைத்திருப்பர். அவரோ பணியை விடவில்லை.

நாடு சுதந்திரம் அடைந்தபின் சொந்த அரசாங்கம் உதவும் என்று நம்பினார். அங்கும் கதவு எளிதில் திறக்கவில்லை. புற்றுநோய் வந்தோர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்களுக்கெனப் பணம் செலவிடுவானேன் என்பதே அதிகாரத்தில் இருந்தோர் பலரின் எண்ணம். அம்மையார் கொள்கையோ வேறு. தொடக்கத்தில் கண்டால் இந்நோயைக் குணப்படுத்தலாம். குணப்படுத்த இயலாதபோதும் வேதனையைத் தணிப்பது வைத்தியரின் கடமை. தங்கையின் படுக்கையருகே அவர் கற்ற பாடம் இது. மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. செல்வரிடமும் எளியோரிடமும் கூசாது சென்று பொருள் திரட்டினார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்ற மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, தம் வருவாயைக் கருதாது தாயின் பணியில் இறங்கினார்.

1952 அக்டோபர் 10ஆம் நாள் பண்டித நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள், 12 படுக்கைகளுடன் வைத்தியசாலை திறக்கப்பட்டது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன. அம்மையாருக்கு வயது 67. அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் தாம் மறையும்வரை அந்நிலையத்துக்கே தம்மை அளித்தார். 1956இல் இந்திய அரசாங்கம் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 ஜூலை 22ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். வறியோர் செல்வர் என்ற பேதமின்றி நோயாளரை ஏற்கும் பெருநிலையமாக அவர் நட்ட கன்று வளர்ந்திருக்கின்றது. தமிழ்நாட்டு அரசின் மகப்பேறு உதவித் திட்டமும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அன்பர்களே, இவ்வரலாறு கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததாயினும் நமக்கு அந்நியமானதன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இவ்வருத்தத்தின் பெயரைச் சொல்லவே அஞ்சும் வீடுகள் இன்னும் உண்டு. கூடாத வருத்தம் என்று தாழ்ந்த குரலிற் கூறி, அயலார் அறியாமல் மறைத்து, மகளின் கலியாணம் முடியட்டும் என்று நாளைக் கடத்தி, இறுதியில் மகரகம வைத்தியசாலைக்குச் செல்வோர் எத்தனை பேர்! மறைப்பதனால் நோய் நிற்பதில்லை, நாள்தான் போகின்றது. அம்மையாரின் தங்கைக்கு நேர்ந்த தாமதம் அறியாமையால் வந்தது. நாம் அறிந்தும் தாமதித்தால் அதற்கு என்ன சமாதானம் சொல்வோம்?

இளைஞர்களே, பெருநிலையம் அமைப்பது எல்லோராலும் ஆகாது. ஆனால், தயங்கி நிற்கும் ஒரு தாயை வைத்தியரிடம் அழைத்துச் செல்லலாம். தனியே கிடக்கும் நோயாளிக்குத் துணையாகச் சிறிது நேரம் இருக்கலாம். இரத்ததானம் செய்யலாம். முதியோரே, நோயை மறைக்காமல் சொல்லும் துணிவை உங்கள் வீடுகளில் வளர்க்கலாம். ஆலயத்தில் ஏற்றும் விளக்கோடு இவ்விளக்கையும் ஏற்றுவோமாக. அதுவே முத்துலட்சுமி அம்மையாருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.