தூக்கு மேடை ஏறிய சிப்பாய் மங்கள் பாண்டே

1857-ம் ஆண்டு மார்ச் மாதம் 29-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. மாலை நேரம்.

கல்கத்தாவுக்கு அருகே உள்ள பாரக்பூர் ராணுவ முகாம் அமைதியாக இருந்தது. திடீரென்று ஒரு சிப்பாய் அணிவகுப்பு மைதானத்துக்கு வந்தார். உடம்பில் பட்டாளத்துச் சட்டை. இடுப்பில் வேட்டி. கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி.

மதத்தைக் காப்பாற்ற எல்லோரும் வெளியே வாருங்கள் என்று அவர் தோழர்களைக் கூவி அழைத்தார்.

அவர்தான் மங்கள் பாண்டே.

கிராமத்துப் பையன்

இன்றைய உத்தரப் பிரதேசத்தில், பல்லியா மாவட்டத்தில் உள்ள நக்வா என்ற கிராமம்தான் அவருடைய ஊர். பிராமணக் குடும்பம். 1849-ம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்தார். 34-வது வங்காளக் காலாட்படையில் சாதாரணச் சிப்பாய். ஏழு ஆண்டுகள் ஒழுங்காக வேலை பார்த்தார்.

அப்படிப்பட்டவர் ஏன் துப்பாக்கியைத் தூக்கினார்?

கொழுப்புத் தோட்டா

அந்தச் சமயத்தில் பட்டாளத்துக்கு என்பீல்டு என்ற புதுத் துப்பாக்கி வந்தது. அதற்கு உரிய தோட்டா, காகிதத்தில் சுற்றப்பட்டிருக்கும். காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைக் கொட்ட வேண்டும். காகிதத்தில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவி இருப்பதாகச் செய்தி பரவியது.

இந்துவுக்குப் பசு புனிதமானது. முஸ்லிமுக்குப் பன்றி விலக்கப்பட்டது. இரு தரப்பாரும் கொதித்தார்கள். பெர்காம்பூரில் இருந்த 19-வது படை, பிப்ரவரியிலேயே தோட்டாவைத் தொட மறுத்தது. அந்தப் படையைக் கலைக்க வெள்ளையர் முடிவு செய்தனர். வெள்ளைக்காரப் பட்டாளமும் கப்பலில் வரவழைக்கப்பட்டது. அந்தச் செய்தி பாரக்பூர் சிப்பாய்களின் காதுக்கும் எட்டியது.

மைதானத்தில் மோதல்

மங்கள் பாண்டேயை அடக்க லெப்டினென்ட் பாக் என்ற அதிகாரி குதிரையில் பறந்து வந்தார். பாண்டே சுட்டார். குண்டு குதிரையின் மீது பாய்ந்தது. குதிரையும் அதிகாரியும் தரையில் விழுந்தனர். அதிகாரி எழுந்து கைத்துப்பாக்கியால் சுட்டார். குறி தவறியது. பாண்டே வாளை உருவிப் பாய்ந்தார். அதிகாரிக்குத் தோளிலும் கழுத்திலும் வெட்டு விழுந்தது. உதவிக்கு வந்த சார்ஜெண்டு மேஜர் ஹியூசனும் அடிபட்டார்.

காவல் படைக்குத் தலைவர் ஜமேதார் ஈசுவரி பிரசாத். பாண்டேயைக் கைது செய்யும்படி அவருக்குக் கட்டளை பிறந்தது. அவர் அசையவில்லை. அவருடைய ஆட்களும் அசையவில்லை. ஷேக் பல்ட்டு என்ற ஒரே ஒரு சிப்பாய்தான் பாண்டேயைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் பல்ட்டுவின் மீது கல்லையும் செருப்பையும் வீசினார்கள்.

ஆனால் பாண்டேயுடன் சேர்ந்து போரிடவும் ஒருவர் முன்வரவில்லை!

ஜெனரல் ஹியர்சே வந்தார். முன்னேற மறுப்பவனைச் சுட்டுவிடுவேன் என்று கைத்துப்பாக்கியை நீட்டினார். காவல் படை நகர்ந்தது. தப்ப வழி இல்லை என்று கண்டார் பாண்டே. துப்பாக்கி முனையை மார்பில் வைத்து, கால் விரலால் விசையை அழுத்தினார். காயம்தான் பட்டது. உயிர் போகவில்லை.

தூக்கு

ஏப்ரல் 6-ந் தேதி ராணுவ நீதிமன்றம் கூடியது. பங்கு சாப்பிட்டிருந்ததாகப் பாண்டே ஒப்புக்கொண்டார். ஆனால், யாருடைய தூண்டுதலும் இல்லை, தானாகவே செய்ததாகச் சொன்னார். எந்தத் தோழரின் பெயரையும் அவர் காட்டிக் கொடுக்கவில்லை.

18-ந் தேதி தூக்கு என்று குறித்திருந்தார்கள். அதுவரை பொறுக்க வெள்ளையருக்குத் துணிவு இல்லை. 8-ந் தேதியே தூக்கில் போட்டார்கள். அதே மாதத்தில் ஈசுவரி பிரசாத்தும் தூக்கிலிடப்பட்டார். மே 6-ந் தேதி பாரக்பூரில் இருந்த 34-வது படையும் கலைக்கப்பட்டது.

நான்கே நாளில், மே 10-ந் தேதி மீரத் நகரில் பட்டாளம் பொங்கி எழுந்தது. மறுநாள் டெல்லி அவர்கள் கையில்! வட இந்தியா எங்கும் போர் மூண்டது. கலகம் செய்த சிப்பாய்களை எல்லாம் வெள்ளையர் "பாண்டே" என்றே அழைத்தனர். ஒருவரின் பெயர் ஒரு படைக்கே பெயர் ஆயிற்று.

சென்னையும் பாண்டேயும்

அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கரைக்கும் கப்பலுக்கும் இடையே, கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டி ஆட்களை ஏற்றிச் செல்லும். அந்தச் சென்னையில் இருந்துதான் 1857 மே மாதம் கர்னல் நீல் தன் படையுடன் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினான். காசியிலும் அலகாபாத்திலும் மக்களைக் கொன்று குவித்தான். செப்டம்பரில் லட்சுமணபுரிப் போரில் மாண்டான்.

அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-ம் ஆண்டு அதை அகற்றக் கோரித் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் போராடிச் சிறை சென்றனர். 1937-ல் ராஜாஜி மந்திரி சபை வந்த பிறகே சிலை அகன்று, பொருட்காட்சிசாலைக்குப் போனது.

தூக்கில் தொங்கிய சிப்பாய்க்கோ, 1984-ம் ஆண்டு சுதந்திர இந்தியா தபால் தலை வெளியிட்டது.